சூடு ஆறாத படுக்கை

இழுவைப் படகின் கயிறு விறைத்ததும், ஜன்னலோரம் நின்றிருந்த கிழவர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். கீழே, எண்ணெய் மிதக்கும் துறைமுகத் தண்ணீரில், அந்தக் கறுப்பு நீர்மூழ்கிக் கப்பல் மனமில்லாமல் நகர ஆரம்பித்தது.

கதவு படாரென்று திறந்தது.

தொப்பி பிடித்த கைகள் அத்தனையும் துள்ளின. அந்த அறையில் யாரும் கதவைச் சத்தமாகத் திறப்பதில்லை. நாற்காலிக் கால்களுக்குக்கூடத் துணி சுற்றி வைத்திருந்தார்கள். ஆயுசில் பாதியைத் தண்ணீருக்கடியில், எதிரியின் காதில் விழாமல் கழித்தவர்களின் சங்கம் அது. பாய்மரத் துணி தைக்கும் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. சனிக்கிழமைதோறும் அங்கே கூடுவார்கள். துறைமுகம் காட்சிக்காகக் கட்டிப் போட்டிருந்த பழைய கப்பலுக்குள் இறங்கித் துருவைச் சுரண்டுவார்கள், பித்தளையைத் துலக்குவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுவார்கள். அந்தக் கப்பல்தான் இப்போது போய்க்கொண்டிருந்தது. கடலில் மூழ்கடித்து மீன்களுக்குக் குடியிருப்பாக விட்டுவிடுவதென்று துறைமுகம் முடிவு செய்திருந்தது.

"அதை நிறுத்தச் சொல்லுங்க," என்றாள் வாசலில் நின்ற பெண். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அலைந்துகொண்டிருந்தாள். மூன்று நாளாக ஒலிபெருக்கியில் அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போயிருந்தது.

அவளுடைய அப்பாவை இந்த அறையில் எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீருக்குள் வரும் சத்தங்களை ஒட்டுக்கேட்டு, எது எதிரி, எது திமிங்கலம் என்று சொல்வது கப்பலில் அவர் வேலை. இரண்டு வருடமாக ஞாபகம் கலைந்துகொண்டிருந்தது. ஒரு காலையில் சங்கத்தின் நீல ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

அவளுக்குப் பின்னால் துப்பறிவாளர் உள்ளே வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. காப்பீட்டு நிறுவனத்தில் பொய் விபத்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர், இப்போது காணாமல் போனவர்களைத் தேடுகிறார். ஊருக்கே அவர் 'மேடம்'தான். அவருக்குப் பின்னால் அவருடைய உதவியாளன், முன்னாள் டாக்ஸி டிரைவர். எங்கே போனாலும் பின்னாலேயே போவதால் 'வால்' என்று பேர். வாயும் பேருக்குக் குறைவைக்காது.

"இங்க துறைமுக அதிகாரி யாரு?" என்றார் மேடம்.

வயர்லெஸ் கருவியைக் கையில் வைத்திருந்த ஒரே ஆள் திரும்பினார். "நான்தான். என்ன விஷயம்னாலும் சீக்கிரம் சொல்லுங்க. காத்து ஏறிக்கிட்டிருக்கு. அலைதடுப்புச் சுவருக்கு அந்தப்பக்கம் மிதவை இருக்கு பாருங்க, அங்க போனதும் அடிவால்வைத் திறந்து தண்ணியை உள்ள விட்டுடுவாங்க. திறந்தா மூட முடியாது."

"அதுக்குள்ள ஒரு மனுஷன் இருக்கார்."

"எந்த ஆதாரத்துல சொல்றீங்க?"

"கப்பல் நின்ன மேடைக் காவலாளிகிட்ட இப்பத்தான் பேசிட்டு வர்றேன். நீல ஸ்வெட்டர் போட்ட பெரியவர் ஒருத்தர் சாயங்காலமானா கப்பல்ல இறங்கறதைப் பார்த்திருக்கார்."

அதிகாரி அறையைக் கையால் சுற்றிக் காட்டினார். "நீல ஸ்வெட்டர் போட்ட பெரியவர்! எத்தனை வேணும்?"

"அதான் சார் எனக்கும் குழப்பம்," என்றான் வால். "ஒரே கிழவரை இத்தனை ஜெராக்ஸ் எடுத்து வெச்சா காவலாளி பாவம் என்ன பண்ணுவார்?"

சங்கத் தலைவர் முன்னால் வந்தார். ஒரு காலத்தில் எஞ்சின் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர். "அம்மா, நாங்க சும்மா இருப்போமா? அவன் எங்க ஆளு. இன்னிக்குக் காலையில, கயிறு கட்டறதுக்கு முன்னாடி மறுபடியும் தேடினோம். முன்பக்கம் துறைமுக ஆளுங்க ஒலிபெருக்கியோட போனாங்க. பின்பக்கம் முழுக்க நம்ம அடுப்பு போய்ப் பார்த்தான். அங்க அவனுக்குத் தெரியாத மூலையே கிடையாது."

'அடுப்பு' என்பவர் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். குட்டையான, தோள் அகன்ற மனிதர். மற்றவர்கள் ஜன்னலை ஒட்டி நிற்க, அவர் மட்டும் சுவரோரம் நாற்காலியில், கால்களுக்கு நடுவே ஒரு துணிப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உள்ள இறங்கினதுலேருந்து சொல்லுங்க," என்றார் மேடம். "என்ன பார்த்தீங்க, எதைத் தொட்டீங்க, எல்லாம்."

"என்னத்தைச் சொல்ல. விளக்கு எல்லாத்தையும் கழற்றிட்டுப் போயிட்டாங்க, ஒரே இருட்டு. கைதான் கண்ணு. சமையல்கட்டைத் தடவினேன், ஒண்ணும் இல்ல. படுக்கை வரிசைக்கு வந்தேன். மேல்தட்டு சில்லுனு இருந்தது. நடுத்தட்டும் சில்லுனு இருந்தது. கீழ்த்தட்டு எப்பவும் போலச் சூடா இருந்தது, ஆள் இல்ல. அப்புறம் பின்னாடி எஞ்சின் அறைக்கு…"

"நில்லுங்க. கீழ்த்தட்டு எப்படி இருந்தது?"

"ஆள் இல்ல மேடம்."

"அதைக் கேட்கல. சூடா இருந்ததுன்னீங்க. உங்களுக்கு அது வித்தியாசமாப் படலையா?"

அடுப்பு அவரை விழித்துப் பார்த்தார். மற்றக் கிழவர்களும் அப்படியே பார்த்தார்கள். கேள்வி யாருக்கும் புரியவில்லை என்பது அந்த முகங்களில் தெரிந்தது.

தலைவர்தான் விளக்கினார். "கப்பல்ல ஆளுக்கொரு படுக்கை கிடையாதும்மா. இடம் ஏது? ரெண்டு பேருக்கு ஒண்ணு. ஒருத்தன் காவலுக்கு எழுந்தா, காவல் முடிச்சவன் அதே பள்ளத்துல விழுந்து தூங்குவான். படுக்கை ஆறவே ஆறாது. எனக்கெல்லாம் கல்யாணம் ஆகி முதல் ராத்திரி, படுக்கை சில்லுனு இருந்ததுல தூக்கமே வரல."

"முதல் ராத்திரி தூங்காததுக்குப் படுக்கையைக் குத்தம் சொன்ன ஒரே மாப்பிள்ளை நீங்கதான் சார்," என்றான் வால்.

மேடம் அவனைக் கவனிக்கவில்லை. "அது கடல்ல ஓடிக்கிட்டிருந்த கப்பல். இது வருஷக்கணக்காக் கரையில கட்டிக் கிடந்த கப்பல். ரெண்டு தட்டு சில்லுனு இருக்கு. மூணாவது மட்டும் சூடா இருக்கு. ஆளே இல்லாத கப்பல்ல அதைச் சூடாக்கினது யாரு?"

இரும்பைக் கையால் அறிந்த மனிதர்கள் அவர்கள். ஒவ்வொருவருக்காக உறைக்கத் தொடங்கியது. மகள் மேடத்தின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது. அதிகாரியின் கட்டைவிரல் வயர்லெஸ் பொத்தானின்மேல் போய் நின்றது.

"நான்தான்," என்றார் அடுப்பு.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தான் அங்க படுக்கிறேன். நாலு மாசமா." அவர் துணிப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மருமகளுக்கும் எனக்கும் ஒத்துவரல. மகன் வாயைத் திறக்கல. வெளிய வந்துட்டேன். சாயங்காலம் காவலாளி அந்தப்பக்கம் திரும்பறப்ப இறங்கிடுவேன், விடியறதுக்கு முன்னாடி ஏறி வந்துடுவேன். அவர் பார்த்த நீல ஸ்வெட்டர் என்னோடது. இன்னிக்குத் தேடறதுக்கு நானே போறேன்னு நின்னதும் அதுக்குத்தான். என் சாமான் ஏதாவது கிடந்து வேற யார் கண்ணுலயாவது பட்டுடுமோன்னு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா," என்றார் தலைவர்.

"சொன்னா என்ன பண்ணுவீங்க? முறை வெச்சு ஆளுக்கு ஒரு நாள் சோறு போடுவீங்க. உங்க எல்லாருக்கும் சோறு போட்டவன்டா நான்."

அதிகாரி விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தார். அவர் கெட்டவர் அல்ல. எழுதிக் கொடுத்த நேரத்துக்கு வேலையை முடிக்க வேண்டியவர். "காவலாளி பார்த்தது இவரை. படுக்கை சூடும் இவரோடது. வேற ஏதாவது இருக்கா மேடம்?"

மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுகையைத் தாண்டிய களைப்பு அது. ஜன்னலில் கப்பல் சிறுத்துக்கொண்டே போனது. ஊரில் தேட வேண்டிய இடமெல்லாம் தேடியாகிவிட்டது. மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், பிணவறை. பிணவறைக் கதவருகே அவள் கோட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனதை மேடம் நேற்று பக்கத்தில் நின்று பார்த்திருந்தார். இன்னும் தேடாமல் மிச்சம் இருந்தது கடல்தான்.

"எழுந்திரும்மா, நாற்காலியில உட்காரு," என்று அடுப்பு எழுந்து இடம் கொடுத்தார். அவர் கால் இடறியது. துணிப்பை சாய்ந்தது. ஒரு போர்வை, ஒரு டம்ளர், ஒரு பிஸ்கட் பொட்டலம் தரையில் உருண்டன.

வால் குனிந்து பொட்டலத்தை எடுத்தான். வாய்க்குப் பழக்கமான வேலையை அது தானாகச் செய்தது. "பெரியவரே, இதான் உங்க ராத்திரிச் சாப்பாடா? பாதிதான் இருக்கு."

"எலி தம்பி. இப்ப கொஞ்ச நாளா எலித்தொல்லை. பகல்ல விட்டுட்டுப் போனா சாயங்காலத்துக்குள்ள குறைஞ்சிருக்கும்."

"நல்ல குடும்பத்து எலி. தின்னுட்டு வாயை மடிச்சு ரப்பர் பேண்டு போட்டு வெச்சுட்டுப் போயிருக்கு."

மேடம் தலையை நிமிர்த்தினார்.

"ரப்பர் பேண்டு நீங்க போட்டதா?"

"நானா? நான் அப்படியே சுருட்டி வைப்பேன்…" அடுப்பின் குரல் இறங்கியது.

"இன்னிக்கு எப்ப எழுந்தீங்க?"

"விடியறதுக்கு முன்னாடி. சொன்னேனே."

"தேடப் போனது?"

"நல்லா வெயில் ஏறினப்புறம்."

"அவ்வளவு நேரம் உங்க சூடு அந்த இரும்புத் தட்டுல நிக்குமா?"

அடுப்பு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மேடம் அவர் முன்னால் குனிந்தார். இப்போது குரலைத் தாழ்த்தியிருந்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. சாயங்காலம் நீங்க போய்ப் படுக்கறப்ப படுக்கை எப்படி இருக்கும்?"

"சூடாத்தான்."

"நாலு மாசமாவா?"

அந்த அகன்ற முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல உடைவதை எல்லோரும் பார்த்தார்கள்.

"இல்ல," என்றார் அடுப்பு. "முதல்ல எல்லாம் சில்லுனுதான் இருந்தது. போர்வையை ரெண்டு சுத்து சுத்திக்கிட்டுப் படுப்பேன், அப்பவும் எலும்புல குத்தும். இப்பத்தான்… இந்த ரெண்டு மூணு நாளாத்தான்…" அவர் மகளைப் பார்த்தார். "ரொம்ப நல்லாத் தூக்கம் வந்ததும்மா. ஏன்னு ஒரு தடவைகூட யோசிக்கலியே!"

"நீங்க எழுந்து வெளிய வந்ததும் அவர் வந்து படுக்கிறார்," என்றார் மேடம். "நீங்க வர்றதுக்கு முன்னாடி அவர் எழுந்து காவலுக்குப் போயிடறார். காலையில நீங்க தேடறப்ப ஒலிபெருக்கி அவரை எழுப்பிவிட்டிருக்கு. படுக்கையில இல்ல. அப்ப எங்க இருந்திருப்பார்?"

"ஒட்டுக்கேட்கிற அறையில," என்றார் தலைவர்.

"அதைத் திறந்து பார்த்தீங்களா?"

அடுப்பின் இரண்டு கைகளும் தலைக்குப் போயின. "திரை இழுத்து மூடியிருந்தது மேடம். திரை மூடியிருந்தா உள்ள ஒருத்தன் கேட்டுக்கிட்டிருக்கான்னு அர்த்தம். மூச்சுக்கூட விடக் கூடாது. நான்… நான் விரல் நுனியில நடந்து தாண்டிப் போனேன்."

"கூப்பிட்டப்ப அவர் ஏன் குரல் கொடுக்கல? நான் எவ்வளவு கத்தினேன்!" என்றாள் மகள்.

கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் தலைவர் சொன்னார். "மேல சத்தம் கேட்டா, எதிரி தேடறான்னு அர்த்தம்மா. சத்தம் கூடக் கூட நாங்க இன்னும் அசையாம இருப்போம்."

அதிகாரி அதற்குள் வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டிருந்தார். "இழுவைப் படகு! வால்வைத் தொடாதீங்க! தொடாதீங்க!" கரகரப்பு. மறுபடி கத்தினார். பிறகு ஒரு சின்னக் குரல், காற்றுக்கு நடுவே வந்தது: காற்று ஏறுவதால் மிதவைக்கு முன்னாலேயே திறந்தாகிவிட்டது, ஆட்கள் இழுவைப் படகுக்குத் திரும்பிவிட்டார்கள்.

துறைமுகத்தின் விசைப்படகு அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் ஒவ்வொரு அலையிலும் எகிறி விழுந்தது. வால் மிதவைச் சட்டையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான். "மேடம், எனக்கு நீச்சல் தெரியாதுன்னு வேலைக்குச் சேர்றப்பவே சொல்லியிருக்கேன்."

"காரோட்டத் தெரியும்னும் சொன்னே. அதையே இன்னும் பார்க்கல."

கப்பல் முன்னால் தெரிந்தது. பின்பாகம் ஏற்கனவே தாழ்ந்துவிட்டது. நடுவில் இருந்த ஏறுவழிக்கும் தண்ணீருக்கும் இடையே ஓர் ஆள் உயரம்கூட இல்லை. படகோட்டி ஒட்டி நிறுத்தினார். அடுப்பு முதலில் தாவினார். அந்த வயதில் அந்தத் தாவல் எப்படி வந்தது என்று படகோட்டிக்கு விளங்கவில்லை. பின்னால் மகள், மேடம். கடைசியாக வால், கண்ணை மூடிக்கொண்டு.

"ஆட்டம் கூடினா நான் காத்திருக்க முடியாது," என்று படகோட்டி கத்தினார். மிரட்டலாக அல்ல, உள்ளதைச் சொன்னார்.

ஏணி செங்குத்தாக இறங்கியது. ஒரு நேரத்தில் ஓர் ஆள் மட்டும்தான் போக முடியும்; தோள் இரண்டு பக்கமும் உரசும். உள்ளே துருவும் பழைய டீசலும் கலந்த நாற்றம். தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது, பின்பக்கம் அதைவிட ஆழம். எங்கோ அடியில் கடல் இரைந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

வால் கூப்பிட வாயைத் திறந்தான். அடுப்பின் உள்ளங்கை அதை மூடியது. மேடம் டார்ச்சைக் கீழ்நோக்கிப் பிடித்தார். நால்வரும் தண்ணீரைக் காலால் தள்ளாமல், ஒதுக்கி ஒதுக்கி நடந்தார்கள்.

சாம்பல் நிறத் திரை மூடியே இருந்தது. அடுப்பு அதன் முன் போய் நின்றார். கையைத் தூக்கினார். இறக்கினார். உயிர் போகிற நேரத்திலும் அந்தக் கை அந்தத் திரையைத் தொடாது போலிருந்தது. மகள் அவரைத் தாண்டிக் கையை நீட்டித் திரையை விலக்கினாள்.

அலமாரி அளவு அறை. முக்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். நீல ஸ்வெட்டர், மூன்று நாள் தாடி. தலையில் ஹெட்போன். அதன் கம்பி எதிலும் சேராமல் தண்ணீரில் மிதந்தது. கண்கள் மூடியிருந்தன. டார்ச் வெளிச்சம் பட்டதும் ஒற்றை விரலை உயர்த்தினார். பேசாதே.

"அப்பா," என்றாள் மகள். "வாங்கப்பா போகலாம்."

"காவல் மாறல." அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"டேய், எழுந்திரு. நான் மாத்தறேன்," என்றார் அடுப்பு, கிசுகிசுப்பாக.

"நீ அடுப்பு. உனக்கென்ன இங்க வேலை? போய் உலையைப் பாரு."

தண்ணீர் முக்காலியின் விளிம்பைத் தொட்டது. கப்பல் முனகிக்கொண்டு சற்றே சரிந்தது. நால்வரும் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் மட்டும் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி, அதை மனதில் குறித்துக்கொள்பவர் போலத் தலையசைத்தார்.

"தூக்கிட்டுப் போயிடலாமா மேடம்?" வாலின் குரலில் விளையாட்டு இல்லை.

மேடம் ஏணி இருந்த பக்கம் டார்ச்சைக் காட்டினார். "அதுல யாரையும் தூக்கிட்டு ஏற முடியாது. அவரா ஏறினாத்தான் உண்டு." அடுப்பிடம் திரும்பினார். "இவங்க காவல் எப்படி மாத்துவாங்க?"

"உட்கார்ந்திருக்கிறவன் என்னென்ன கேட்குதுன்னு சொல்லுவான். வந்தவன் அதைத் திருப்பிச் சொல்லணும். ஒரு வார்த்தை தப்பினாலும் விட மாட்டான். சரியாச் சொல்லிட்டு, 'இனி காது என்னோடது'ம்பான். அப்பத்தான் எழுந்திருப்பான். இவனுக்கு மாத்து ஆளா இருந்தவன் போன வருஷமே போய்ச் சேர்ந்துட்டான்."

மகள் தண்ணீரில் மண்டியிட்டாள். வெள்ளைக் கோட்டு அவளைச் சுற்றி மிதந்தது. "காவல் மாத்த வந்திருக்கேன்."

அவர் கண்ணைத் திறந்தார். அவளை நிதானமாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் மகள் இல்லை.

"புதுசா?"

"ஆமா."

"கத்திப் பேசுவியோ?"

"தொண்டை இல்ல," என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். காற்றாக வந்த அந்தக் குரல் அவருக்குப் பிடித்துப் போனது.

"சொல்றதைத் திருப்பிச் சொல்லு. வலப்பக்கம் பெரிய படகு, நிக்குது."

"வலப்பக்கம் பெரிய படகு, நிக்குது."

"இடப்பக்கம் சின்னப் படகு. எஞ்சின் ஓடுது, நகரல."

"இடப்பக்கம் சின்னப் படகு. எஞ்சின் ஓடுது, நகரல."

"நம்ம கப்பலுக்குள்ள தண்ணி. பின்பக்கம். நிறைய." ஒரு நொடி நிறுத்தினார். "நிக்காது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறார். "நம்ம கப்பலுக்குள்ள தண்ணி. பின்பக்கம். நிறைய. நிக்காது. இனி காது என்னோடது."

அவர் ஹெட்போனைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேடம் வழி விட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஏணிப் பக்கம் டார்ச்சைப் பிடித்தார்.

கிழவர் எதிர்ப்பக்கம் திரும்பினார்.

"அங்க எங்க போறார்?" என்றான் வால்.

காவல் முடித்தவன் எங்கே போவான்? அடுப்புக்கு மட்டும்தான் அது உடனே புரிந்தது. அவர் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடினார். சத்தத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. படுக்கை வரிசையில் கீழ்த்தட்டு ஏற்கனவே மூழ்கிவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்து அதற்குள் புகுந்து நீட்டிப் படுத்தார். முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

காது வந்து நின்றார். "என்னடா பண்றே?"

"தெரியல? தூங்கறேன்."

"இது என் முறை."

"இப்பத்தான்டா படுத்தேன்." அலை ஒன்று அடுப்பின் வாயை மூடித் திறந்தது. இருமினார். "மேல போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வா. அதுக்குள்ள எழுந்துடறேன்."

கிழவரின் முகம் மாறியது. எத்தனையோ நாள் கேட்டும் கிடைக்காத ஒன்றைக் கேட்கும் குழந்தையின் முகம் வந்தது. "மேல விடறாங்களா?"

"விடறாங்க. தண்ணிக்கு மேல வந்துட்டோம். போ."

அவர் ஏணியில் கை வைத்தார். ஏற ஏற உடம்புக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது போல, கையும் காலும் படியைப் பார்க்காமலேயே படியைப் பிடித்தன. பின்னால் மகள். பின்னால் வால், வாழ்க்கையில் முதல்முறையாக யாருக்கும் பின்னால் நிற்க விரும்பாமல். மேடம் திரும்பிப் போய் அடுப்பின் ஸ்வெட்டர் கழுத்தைப் பற்றி இழுத்தார். அவர் எழுந்திருக்க நேரமானது. அந்தப் படுக்கையை விட்டு எழ மனமில்லாதவர் போலவும் இருந்தது. இழுத்தபடியே மேடம் அவரை ஏணிக்குக் கொண்டுவந்தார்.

விசைப்படகு விலகியதும் கப்பல் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மூக்கைத் தூக்கியது, பெருமூச்சு விட்டது, போய்விட்டது. நுரை வட்டமாகப் பரவியது. அடுப்பு முழுக்க நனைந்து, அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு எங்க படுப்பீங்க?" என்று மேடம் கேட்டார்.

அவர் நுரையை நோக்கிக் கையைக் காட்டினார். மேடம் நகர்ந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

காது படகின் ஓரத்தில் உட்கார்ந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். ஹெட்போன் அவள் கழுத்தில் தொங்கியது.

"நீ இங்க என்ன பண்றே? காவலை விட்டுட்டா வந்தே?"

"இல்ல. காவல்லதான் இருக்கேன்."

"உன்னை மாத்த ஆள் வரலையா?"

அவள் கடலைப் பார்த்தாள். இரண்டு வருடமாக யாரும் கேட்காத கேள்வி அது. வெளியூரில் வேலை பார்க்கும் கணவன் கேட்டதில்லை. வந்து பார்த்துவிட்டுப் போகும் சொந்தக்காரர்கள் கேட்டதில்லை. "என்னை மாத்த ஆள் இல்லப்பா," என்றாள்.

அது முறை இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. எந்தக் கப்பலிலும் அது முறை இல்லை. கையை நீட்டி ஹெட்போனை அவள் கழுத்திலிருந்து எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டார்.

"சொல்லு. என்ன கேட்குது?"

"காத்து," என்றாள் மகள். "எஞ்சின். நீங்க மூச்சு விடறது."

"காத்து. எஞ்சின். நான் மூச்சு விடறது." ஒரு வார்த்தை தப்பவில்லை. "இனி காது என்னோடது. நீ போய்த் தூங்கு."

அவள் ஈரக் கயிற்றுச் சுருளில் தலையைச் சாய்த்தாள். அலை எகிறிக்கொண்டிருந்தது, தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது. அடுத்த நொடியே தூங்கிப் போனாள்.

வால் ஏதோ சொல்ல வந்தான். கிழவர் விரலை உயர்த்தினார். வால் வாயை மூடிக்கொண்டான். மேடம் படகோட்டியின் தோளைத் தொட்டு எஞ்சினைக் காட்ட, அவர் தலையாட்டிவிட்டு வேகத்தைக் குறைத்தார்.